மாமா, இது பொய் அழுகை

சொல்லுக்குச் சொந்தக்காரர் யார்? எழுதியவரா, விலை கொடுத்து வாங்கியவரா, படித்துப் பயன்பெறுபவரா? இந்தக் கேள்வியை நடுவில் வைத்து இணைய மன்றம் ஒன்றில் மூண்ட போர், வாரங்கள் கடந்தும் ஓயவில்லை. பதிப்புரிமை வழக்குகளுக்கு எதிராக வாள் சுழற்றியவர் ‘அடிவரி’ என்னும் புனைபெயர்க்காரர். அவற்றுக்கு ஆதரவாக வேல் எறிந்தவர் ‘தூரிகை’ என்னும் புனைபெயர்க்காரர். அடிவரி எழுதினால் ஆயிரம் பேர் ஆர்ப்பரித்தார்கள். தூரிகை எழுதினால் அதே அளவுக்கு எதிரணி எழுந்து நின்றது. படை திரட்டி நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கேனும் ஓர் உண்மை தெரியாது. அந்த இரண்டு தளபதிகளும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேசையின் இரு முனைகளில் அமர்ந்துதான் அம்பு விட்டுக்கொண்டிருந்தார்கள். அடிவரி அந்த வீட்டு மருமகள். தூரிகை அந்த வீட்டு மகள். அண்ணியும் நாத்தனாரும்.

“அண்ணி, உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்க. ‘பகிர்வு என்பது திருட்டுக்கு வைத்த செல்லப்பெயர்’னு போட்டிருக்கேன், பாத்தீங்களா?”

“பாத்தேன். பதில்தான் தட்டிக்கிட்டிருக்கேன். உப்பு அப்புறம்.”

“பதில் வர்றதுக்குள்ள சாப்பாடு ஆறிடும்.”

“உன் வாதம் ஏற்கனவே ஆறித்தான் கிடக்கு, சாப்பிடு.”

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவன் ஒருத்திக்குக் கணவன், இன்னொருத்திக்கு அண்ணன். தொழிலால் லிஃப்ட் மெக்கானிக். “ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கிறதுதான் எனக்கு வேலை. வீட்ல நானே மாட்டிக்கிட்டு நிக்கிறேன், என்னை யாரு எடுக்கிறது?” என்று கேட்டுவிட்டு, உப்பை எடுத்துத் தங்கையிடம் தந்தான்.

இது பொழுதுபோகாதவர்களின் வாய்ச்சண்டை அல்ல. இருவர் பக்கமும் காயம் இருந்தது. காயத்தில் நியாயம் இருந்தது.

நாத்தனார் குழந்தைகளுக்குப் படநூல் வரைபவள். ஆண்டு முழுதும் குனிந்து, கழுத்து வலிக்க, கண் எரிய அவள் வரைந்த யானைக் குட்டியின் கதை, கடைக்கு வந்த வாரமே யாரோ ஒரு புண்ணியவானால் படியெடுக்கப்பட்டு இணையத்தில் இறைக்கப்பட்டது. அட்டையிலிருந்த அவள் பெயரை மட்டும் அந்தப் புண்ணியவான் கவனமாக வெட்டியிருந்தான். யானை ஊரெங்கும் உலவியது. வரைந்தவளை ஒருவரும் அறியவில்லை. உழைப்பவளின் பெயரை அழிப்பதற்குப் பெயர் சுதந்திரமா என்று அவள் கேட்டாள். கேட்பதற்கு அவளுக்கு உரிமை இருந்தது.

அண்ணி பல் மருத்துவருக்குப் பொய்ப்பல் செய்து தரும் கூடத்தில் வேலை பார்ப்பவள். பகலெல்லாம் மெழுகில் பல் செதுக்குவாள். மாலையில் வேறொன்றைச் செதுக்குவாள்: வெளிநாட்டுத் தொடர்களின் அடியில் ஓடும் தமிழ் வசன வரிகளை. அதற்குக் காரணம் மாமனார். நூற்பாலையின் இரைச்சல் பாதி ஆயுளைத் தின்று, கடைசியில் அவருடைய காது இரண்டையும் முழுசாக விழுங்கிவிட்டது. கருவி வைத்தும் பயனில்லை. பேச வேண்டியதைக் கைப்பேசியில் தட்டிக் காட்ட வேண்டும். ஆனால் அவர் வாய் மட்டும் முன்னைவிட இருமடங்கு ஓங்கி வேலை செய்தது.

பனி பெய்யும் நாடொன்றின் துப்பறியும் தொடர் அவருக்கு உயிர். முதல் பகுதியை யாரோ எழுதிய வரிகளோடு பார்த்துவிட்டுக் கொதித்து எழுந்தார்.

“‘கதவுச் சத்தம்’னு போடறான்! என்ன சத்தம்? எண்ணெய் போடாத கதவா, காத்துல அடிச்ச கதவா? பயந்து சாத்தினானா, கோவத்துல சாத்தினானா? அது தெரியாம நான் எப்படிம்மா கொலைகாரனைப் பிடிக்கிறது?”

மருமகள் யோசித்தாள். காது போனாலும், கேட்ட காலத்தின் நினைவு அவரிடம் போகவில்லை. அந்த நினைவில் இருப்பவை இந்த வீட்டின் ஓசைகள். ஆகவே ஓசைகளையெல்லாம் வீட்டுக்கு அழைத்து வந்தாள். ‘கதவுச் சத்தம்’ என்று எழுதவில்லை; ‘மாமா, கதவு. நம்ம குளியலறைக் கதவு மாதிரியே’ என்று எழுதினாள். ‘இயந்திர ஒலி’ என்று எழுதவில்லை. ‘நம்ம வாஷிங் மெஷின் கடைசிச் சுத்துல நடுங்குமே, அது’ என்று எழுதினாள். எழுதியதைப் பகிர்வுத் தளத்தில் ஏற்றும்போது, மாமனாருக்கென எழுதியதை நீக்க மறந்துவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தப் போனவளை, முகம் தெரியாத மனிதர்கள் தடுத்தார்கள். ‘எங்கள் அப்பாவுக்கும் காது கேட்காது. அவரும் தன்னைத்தான் மாமா என்று கூப்பிடுகிறார்கள் என நினைத்துச் சிரிக்கிறார். கை வைக்காதீர்கள்’ என்று எழுதினார்கள். அன்றிலிருந்து அந்த மாமா நிலைத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் இடி இறங்கியது. தொடரின் உரிமையை வாங்கி வைத்திருந்த நிறுவனம் பகிர்வுத் தளத்துக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியது. எழுதியவர்கள் தங்கள் கையாலேயே வரிகளை நீக்கி, இனி எழுதுவதில்லை என்று உறுதிமொழி தர வேண்டுமாம், இல்லையேல் நீதிமன்றமாம். தளத்தை நடத்திய தன்னார்வலர்கள் நடுங்கிப்போய்ப் புதிதாக எதையும் ஏற்றவிடாமல் கதவைச் சாத்தினார்கள். தொடரில் மிச்சமிருந்தது கடைசிப் பகுதி ஒன்றே. கொலைகாரன் யாரென்று தெரியும் பகுதி. அதற்கான வரிகள் மருமகளின் கணினியில் பாதியில் நின்றன.

“கடைசிப் பகுதி எங்கம்மா?” என்று மாமனார் தினமும் கேட்டார். “அந்த மருந்துக் கடைக்காரன் மேலதான் எனக்குச் சந்தேகம். இது தெரியாம நான் செத்துப்போனா யாரு பொறுப்பு?”

உறுதிமொழியில் மருமகள் கையெழுத்திட்டால் இந்தத் தொடர் மட்டுமல்ல, இனி எந்தத் தொடரும் அவருக்கு ஊமைப்படம். மறுத்தால் வழக்கு. அறிவிப்பு கொடுத்த கெடு அடுத்த வாரத்தோடு முடியும்.

நாத்தனார் ஒரு தீர்வு வைத்திருந்தாள்.

“அண்ணி, மன்றத்துல கத்தி என்ன ஆகப்போகுது? அந்தக் கம்பெனியே தமிழ் வரியோட இதே தொடரை வெளியிட்டிருக்காங்க. இந்த மாசம்தான் வந்திருக்கு. நேர்மையா சந்தா கட்டிப் பாப்போம். அப்பாவுக்கு நானே கட்டறேன். முறையா செஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்னு நீங்களே கண்ணால பாருங்க.”

“அவங்க வரியில கதவு எப்படிச் சாத்துதுன்னு இருக்குமா?”

“காசு வாங்கறவங்க செய்ய மாட்டாங்களா? தோத்துட்டா மன்றத்துல வந்து ஒத்துக்கணும், சரியா?”

“ஒத்துக்கறேன். நீ தோத்தா?”

“நான் எதுக்குத் தோக்கணும்?”

ஞாயிறு மதியம் குடும்பமே கூடத்தில் கூடியது. மாமனார் நடு நாற்காலியில், நீதிபதி போல. பிடித்த பகுதி ஒன்றை மறுபடி போடச் சொன்னார். நாத்தனார் வெற்றிப் புன்னகையோடு பொத்தானை அழுத்தினாள். பனி கொட்டியது. கணவனைப் பறிகொடுத்த பணக்காரி சவப்பெட்டியின் மேல் விழுந்து கதறினாள். திரையின் அடியில், நிறுவனத்தின் அதிகாரப்பூர்வமான, அழகான வெள்ளை எழுத்தில் ஒரு வரி ஓடியது:

‘மாமா, இது பொய் அழுகை. அவள் கொட்டாவி விட்டாலும் இப்படித்தான் இருக்கும்.’

மாமனார் தொடையில் அடித்துச் சிரித்தார். “பாரேன்! கம்பெனிக்காரனும் என்னை மாமாங்கிறான்!”

நாத்தனாரின் புன்னகை பாதியில் நின்றது. அடுத்த காட்சி. ‘மாமா, கதவு. நம்ம குளியலறைக் கதவு மாதிரியே.’

“நம்ம குளியலறை இவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று மாமனார் உண்மையாகவே கவலைப்பட்டார். “யாராவது வந்து பாத்துட்டுப் போனாங்களா?”

லிஃப்ட் மெக்கானிக் நாற்காலியிலிருந்து சரிந்து, தரையில் உட்கார்ந்து சிரித்தான். காட்சிக்குக் காட்சி அதே வரி. எழுத்துக்கு எழுத்து அதே வரி. யாரைத் திருடி என்று சாடினார்களோ அவள் வீட்டுக்குள் புகுந்து, அவள் மாமனாரையே தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்! முடிவில் பெயர்ப்பட்டியல் ஓடியது. ‘தமிழ் வரிகள்: நிறுவனத்தின் மொழிப்பிரிவு.’ பட்டியலுக்கு அடுத்து, கடைசிப் பகுதியின் படத்தின் மேல் ஓர் அறிவிப்பு: ‘தமிழ் வரிகள் விரைவில்.’

நாத்தனார் எழுந்து நின்றாள். யானைக் குட்டி பறிபோன அன்று சிவந்த அதே முகம்.

“விடக்கூடாது அண்ணி! உங்க எழுத்தைத் திருடி, உங்க மேலயே வழக்கா? இழுத்துட்டு வந்து கூண்டுல நிறுத்தணும் இவங்களை!”

மருமகள் அமைதியாகத் தேநீர் ஊற்றினாள். “எடுத்தா எடுத்துட்டுப் போகட்டும். நான்தான் தினமும் எழுதறேனே, எழுத்து எல்லாருக்கும் பொதுன்னு. எவ்வளவோ பேர் பாப்பாங்க. நல்லதுதானே?”

“என்ன பேச்சு பேசறீங்க! படைச்சவ நீங்க! உரிமை உங்களுது!”

“பகிர்றவங்களை எல்லாம் திருடன்னு நான் சொன்னதில்லையே. நீதான் சொன்ன.”

“அதைத்தான் இப்பவும் சொல்றேன்!”

“இருங்க, இருங்க” என்று தரையிலிருந்தவன் கையைத் தூக்கினான். “நீ வழக்குப் போடுங்கிற, இவ வேண்டாங்கிறா. இதுவரைக்கும் நீங்க சொன்னதுதானே இது? இப்ப இவளுக்காகத்தானே நீ கத்தற, அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் எதிர் எதிரா முறைக்கிறீங்க?”

மருமகள் கோப்பையைக் கீழே வைத்தாள். அவள் பார்வை திரையில் உறைந்து நின்ற பெயர்ப்பட்டியலில் இருந்தது. “இருந்தாலும்” என்றாள் மெல்ல, “பேராவது போட்டிருக்கலாம்.”

நாத்தனார் அவளை உற்றுப் பார்த்தாள். வாரக்கணக்கில் மன்றத்தில் முழங்கியும் இந்த ஒற்றை வரியை அண்ணியின் வாயிலிருந்து வரவழைக்க அவளால் முடிந்ததில்லை. வென்ற மகிழ்ச்சி வரவில்லை. அருகில் போய்த் தோளில் கை வைத்தாள். மறு கையால் கைப்பேசியை எடுத்துத் திரையைப் படம் பிடித்தாள்.

“என்ன செய்யற?”

“மன்றத்துல போடறேன். உங்க வரியும் அவங்க வரியும் பக்கத்துப் பக்கத்துல.”

“என் வரியை என்னைக் கேக்காமலா?”

“கேட்டா விடமாட்டீங்க” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பதிப்புரிமைக் காவலாளி அனுமதியின்றிப் பகிர்ந்தாள்.

மன்றம் கொதித்தது. தூரிகையே அடிவரிக்காகக் கொடி பிடிக்கிறாள் என்றதும் எதிரெதிர் அணிகள் ஓரணியாயின. ‘நீங்கள் இருவரும் ஒத்துப்போனால் நாங்கள் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறோம்?’ என்று ஒருவர் மட்டும் வருத்தப்பட்டார். நிறுவனம் தன் பக்கத்தில், ‘படைப்பாளிகளின் உரிமையை நாங்கள் உயிரினும் மேலாக மதிக்கிறோம்’ என்று அறிக்கை விட்டது. அடுத்த நொடியே அதன் கீழே யாரோ எழுதினார்கள்: ‘மாமா, இது பொய் அழுகை.’ அவ்வளவுதான். அந்த ஒரு வரி தீப்பிடித்தது. நிறுவனம் வாழ்த்துச் சொன்னாலும் கீழே அதே வரி. விலைக்குறைப்பு அறிவித்தாலும் அதே வரி. புதுப்பட முன்னோட்டம் போட்டாலும் அதே வரி. நீதிமன்றம் செய்ய ஆண்டுகள் கேட்கும் வேலையை, மக்களின் கேலி ஒரே பகலில் செய்து முடித்தது.

மறுநாள் மருமகள் வேலைக்கூடத்தில் மெழுகைச் சுடரில் காட்டி இளக்கிக்கொண்டிருந்தாள். மேசையில் வரிசையாகச் சிரித்தன வாயில்லாப் பல்வரிசைகள். கைப்பேசி ஒலித்தது. தளத்தை நடத்துபவர்களிடம் எண் வாங்கியதாகச் சொல்லி, நிறுவனத்தின் உரிமைப் பிரிவு அதிகாரி என்று ஒரு களைத்த குரல் தன்னை அறிமுகம் செய்துகொண்டது.

“மேடம், ஒரு சின்னத் தவறு நடந்திருக்கு. வெளியாள்கிட்ட வேலையைக் கொடுத்தோம், அவர் எங்கிருந்தோ எடுத்துட்டார். சுமுகமா முடிச்சுக்கலாமே.”

“நான் மட்டும் முடிவு பண்ண முடியாதுங்க. சாயங்காலம் வீட்டுக்குக் கூப்பிடுங்க.”

பக்கத்து மேசையில் கடைவாய்ப் பல்லை மெருகேற்றிக்கொண்டிருந்த சக தொழிலாளி எட்டிப் பார்த்தாள். “யாருடி அது?”

“என் மாமனாரைத் தூக்கிட்டுப் போனவங்க.”

“ஐயோ! திருப்பித் தர எவ்வளவு கேக்கறாங்க?”

மாலையில் கைப்பேசி சாப்பாட்டு மேசையின் நடுவில் வைக்கப்பட்டது. அதிகாரி பேசப் பேச, மகன் தட்டி அப்பாவுக்குக் காட்டினான். நிறுவனத்தின் திட்டம் எளிமையாக இருந்தது: மருமகள் மேல் வழக்கு இராது, மற்றவர்களுக்கு அனுப்பிய அறிவிப்பு நிற்கும், வரிகளை நிறுவனம் வைத்துக்கொள்ளும்.

“பொது ரசனைக்கு ஏத்த மாதிரி அந்த ‘மாமா’வை மட்டும் எடுத்துடறோம். வெறும் ‘அழுகை’ன்னு போட்டுக்கறோம்” என்றார் அதிகாரி.

மருமகள் வாய் திறக்குமுன் மாமனார் மேசையைத் தட்டினார்.

“எடுக்கிறதா? யாரைக் கேட்டு? மாமான்னா யாரு, நான்! என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?”

மறுமுனை திகைத்தது. “ஐயா... நீங்கதான்...”

“நானேதான். பாட்டுப் போட்டவனுக்கு உரிமை இருக்கு. சவப்பெட்டி மேல விழுந்தவளுக்கு உரிமை இருக்கு. காட்சிக்குக் காட்சி கூப்பிடறீங்களே, எனக்கு உரிமை இல்லையா?”

“அப்பா!” என்று மகள் பூரித்துப்போனாள். காலமெல்லாம் அவள் எழுதியதை அவள் அப்பா ஒரே மூச்சில் முழங்கிவிட்டார்.

மகன் அவசரமாகத் தட்டிக் காட்டினான்: ‘எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கிறார்.’

“காசா? காசு எனக்கு எதுக்கு? அந்த வரி பொதுவில இருக்கணும். காது கேக்காதவன் எவன் வந்து எடுத்தாலும் தடுக்கக் கூடாது. அதுதான் என் விலை.”

இம்முறை பூரித்தவள் மருமகள். அவள் மூன்று வாரம் மூச்சுமுட்ட வாதாடியதும் அதுவே. அவள் தன் குரலைச் சேர்த்தாள்: “அறிவிப்பை எல்லாருக்கும் திரும்ப வாங்கணும். எனக்கு மட்டும்னா எனக்கு வேண்டாம். என்னை மாதிரி ஒவ்வொரு வீட்லயும் ஒருத்தி எழுதிக்கிட்டிருக்கா.”

“பேரு! எங்க அண்ணி பேரு வரணும்!” என்று நாத்தனார் கைப்பேசிக்குள் தலையை நுழைத்துக் கத்தினாள். “மொழிப்பிரிவுக்கு மேல, பெரிய எழுத்துல!”

அதிகாரி குரலைத் தணித்துக்கொண்டார்.

“மேலிடத்துல கேக்கறேன். கேட்டா ஒத்துக்குவாங்கன்னுதான் நினைக்கிறேன். ஏன்னா... மேடம், ஒண்ணு கேக்கலாமா? கடைசிப் பகுதிக்கு வரி எப்ப முடிப்பீங்க? அந்த வெளியாள் காத்துட்டிருக்கார். நீங்க ஏத்துனாத்தான் அவருக்கு வேலை ஓடும். சந்தா கட்டினவங்க தினமும் கூப்பிட்டுத் திட்டறாங்க.”

மேசையைச் சுற்றி எழுந்த சிரிப்பில் கைப்பேசியே குலுங்கியது. தாங்கள் எடுத்துக்கொண்டிருந்த கிணற்றைத் தாங்களே வழக்குப் போட்டு மூடிவிட்டு, தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது அந்த மாபெரும் நிறுவனம்!

“அறிவிப்பு வந்த அன்னிக்கே நிறுத்திட்டேங்க. எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றாள் மருமகள், மெழுகு போல இளகிய குரலில்.

கெடு முடியும் முன்பே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது, தளத்தில் எழுதிய அத்தனை பேருக்கும். ஒப்பந்தப்படி, வரிகள் தளத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கும். நிறுவனத்தின் படத்தில் எழுதியவள் பெயரோடு ஓடும். பகிர்வுத் தளத்தின் கதவு மீண்டும் திறந்தது. அடிவரியும் தூரிகையும் சேர்ந்து மன்றத்தில் ஓர் அறிக்கை எழுத உட்கார்ந்து, முதல் வாக்கியத்திலேயே சண்டையிட்டு, தனித்தனியே இரண்டு அறிக்கை வெளியிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு காலையில் மருமகள் கடைசிப் பகுதியின் கடைசிக் காட்சியில் வந்து நின்றாள். மாமனார் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். துப்பறிபவள் கடலோரம் நிற்கிறாள், கொலைகாரனைப் பிடித்தாயிற்று, வசனமே இல்லை. அலை ஓசை மட்டும்.

“அலைச் சத்தத்துக்கு நம்ம வீட்ல என்ன இருக்கு?” என்று பொதுவாகக் கேட்டாள்.

“மாடித் தொட்டி நிரம்பி வழியுமே, அது” என்றான் கணவன்.

“அது ஒரே சீரா ஊத்தும். இது வந்து வந்து போகுது.”

நாத்தனார் தூரிகையைக் கழுவிக்கொண்டே வந்தாள். கண்ணை மூடி ஒருமுறை கேட்டாள். “அப்பா மத்தியானம் தூங்கறப்ப விடற குறட்டை. அதேதான். இழுத்து, நிறுத்தி, விட்டு.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மருமகள் தட்டினாள்: ‘மாமா, அலைச் சத்தம். நீங்க மத்தியானம் விடற குறட்டை மாதிரி.’

மாமனார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். “நானா? நான் குறட்டையா விடறேன்?” என்று வீடு அதிரக் கேட்டார். பிறகு திரையில் உருண்டு வரும் அலைகளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “அவ்வளவு பெருசாவா?” என்றார், முகமெல்லாம் பெருமையாக.

“அண்ணி, அந்த வரி என்னுது” என்றாள் நாத்தனார். “என் பேரும் வரணும்.”

“ஒரு வார்த்தை சொன்னதுக்கா?”

“ஒரு வார்த்தைன்னாலும் படைப்பு படைப்புதான்.”

“அப்ப குறட்டை விட்ட எனக்கு?” என்றார், அவள் உதட்டசைவைப் பிடித்துவிட்ட மாமனார்.

“போய் மூணு பேரும் வழக்குப் போடுங்க” என்று சொல்லிவிட்டு, மருமகள் வரிகளைத் தளத்தில் ஏற்றினாள்.